மீட்டர்தானே என்பவர்களுக்கு

பம்பைத் தொட யோசிப்பார்கள். பாய்லர் பக்கம் போக உரிமம் கேட்பார்கள். குழாயின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளோ மீட்டர் என்றால் மட்டும் நம் ஆலைகளில் ஒரே பதில்தான்: "மீட்டர்தானே, வால்வைத் திற, தானாக ஓடும்." கொல்கத்தாவை ஒட்டி ஹூக்ளியின் இரு கரைகளிலும் இருக்கும் சாயப்பட்டறை, ரசாயனக் கூடம், எண்ணெய்க் கிடங்கு என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சு உண்டு; மணலிக்கும் எண்ணூருக்கும் வந்தால் மொழிதான் மாறும். புதிதாக வேலைக்கு வந்த ஃபிட்டர் சொன்னால் சொல்லித் திருத்தலாம். திட்டப் பொறியாளரும் ஆலை மேலாளரும் சொல்கிறார்கள். அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் தரப்பை முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். மீட்டர் திரவத்தைத் தள்ளுவதில்லை, சூடாக்குவதில்லை, போவதைப் பார்த்து எண் சொல்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஆபத்து பிறக்க வழியில்லை. சோதித்து, சான்றிதழோடுதான் வந்து இறங்குகிறது. இன்றைய மீட்டர் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும். கோளாறு என்றால் திரையிலேயே சொல்லிவிடும். உற்பத்தி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. கையேட்டில் இருக்கும் எச்சரிக்கையெல்லாம் தயாரிப்பாளர் வாரண்டியிலிருந்து நழுவுவதற்கு எழுதிவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது வருஷமாக இப்படித்தான் திறக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. இவற்றில் எதுவும் மூடத்தனமான வாதம் அல்ல. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு காலம் நிற்கிறது.

1. மீட்டர் ஓரமாக நின்று பார்க்கிறதா? பல வகைகளில் அது ஓட்டத்தின் குறுக்கே நிற்கிறது. டர்பைன் மீட்டரில் இறக்கைச் சக்கரம் ஒன்று குழாயின் மையத்தில் மெல்லிய பேரிங்கில் சுழல்கிறது. பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் வகை, திரவத்தை அறை அறையாகப் பிடித்து எண்ணுகிறது. அதன் பற்சக்கரத்துக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளி மயிரிழை. பெரும்பாலும் அந்த பேரிங்குகளுக்கு உள்ளே ஓடும் திரவமே மசகு. இப்போது ஆலை நின்று குழாய் காலியாகி, உள்ளே காற்று இருக்கிறது. வால்வை ஒரே மூச்சில் திறக்கிறீர்கள். பின்னாலிருந்து தண்ணீர் நெட்டித் தள்ள, காற்று மீட்டர் வழியே பாய்கிறது. காற்றின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ எண்ணூறில் ஒரு பங்குதான். திரவம் அங்கே ஒருநாளும் எட்டாத வேகத்தில் அது போகும். சக்கரம் தன் உச்ச வேகத்தைத் தாண்டி, மசகும் இல்லாமல் சுழல்கிறது. சுழன்றுகொண்டிருக்கும்போதே திரவத்தின் முகப்பு வந்து மோதுகிறது.

அந்த மோதலுக்குக் கணக்கு உண்டு. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து நிகோலாய் ஷுக்கோவ்ஸ்கி 1898-இல் அதைச் சொல்லிவிட்டார். திரவத்தின் அடர்த்தி, அதில் அழுத்த அலை ஓடும் வேகம், சட்டென்று மாறிய ஓட்ட வேகம், மூன்றையும் பெருக்கினால் கூடுதல் அழுத்தம் வரும். இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீர் திடீரென்று நின்றால் சுமார் 12 பார் ஏறும். 4 பாரில் ஓடும் குழாயில் அந்தக் கணம் 16 பார். மீட்டரின் கேஸ்கெட்டும் பேரிங்கும் வாங்கும் அடி அது.

ஆலைக்குள் எப்போதாவது நடப்பதுதானே என்று சொல்வதற்கு முன் கொல்கத்தாவின் தெருக்குழாயைப் பாருங்கள். ஹூக்ளித் தண்ணீரைப் பல்தாவில் சுத்திகரித்து, டாலாவில் 1911-இல் திறந்த உயர்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து நகருக்கு இறக்குகிறார்கள். 90 லட்சம் கேலன் கொள்ளும் எஃகுத் தொட்டி. நூறு வருஷம் தாண்டியும் உழைக்கிறது. ஆனால் நகரின் பெரும்பகுதியில் வீட்டுக்குத் தண்ணீர் வருவது வேளைக்கு வேளைதான். இடைவேளையில் குழாயில் நீர் இறங்கிக் காற்று புகுந்துகொள்கிறது. ஆலையில் வருஷத்துக்குச் சில தடவை நடக்கும் தொடக்கம், இப்படிப்பட்ட நகரக் குழாயில் தினமும் சில தடவை நடக்கிறது. சக்கரம் சுழலும் மீட்டராக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அது முதலில் எண்ணுவது காற்றை.

வட கொல்கத்தாவில் காசிப்பூர்ப் பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் நடந்த திட்டத்தில் வீடுகளுக்கு மீட்டர் பொருத்தினார்கள். வீட்டுக் குடிநீரை அளந்து காசு வாங்காத மாநகராட்சி அது. மீட்டர் பார்த்துக் காசு வாங்கும் ஊராக இருந்தால் "காற்றுக்கெல்லாம் காசா" என்று நாலு பேர் சண்டைக்கு வந்து குறையை வெளியே கொண்டுவருவார்கள். அங்கே பில் இல்லை, ஆகவே சண்டையும் இல்லை. அப்படியானால் மீட்டர் எதற்கு? எங்கே எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துகொள்ள. அனுப்பியதிலிருந்து வீடுகளின் மீட்டர் காட்டியதைக் கழித்தால் வருவதுதான் கசிவு. இந்தக் கணக்குக்குக் காற்றையும் சேர்த்து எண்ணும் மீட்டரை வைத்தால் நுகர்வு கூடும், கசிவு குறைந்ததாகத் தெரியும். குழாய் ஒழுகிக்கொண்டிருக்க, அறிக்கை மட்டும் சீராகிவிடும். காற்றை வெளியேற்றும் வால்வு வைப்பதும், தொடக்கத்தில் மெல்லத் திறப்பதும் ஏதோ நுணுக்கக்காரர்களின் பிடிவாதம் என்பவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

2. புதுக் குழாய் சுத்தமாக இருக்கும் என்று யார் சொன்னது? ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில், ஓட ஆரம்பித்த முதல் வாரமே ஒரு ஓவல் கியர் மீட்டர் சிக்கிக்கொண்டது. திறந்து பார்த்தபோது இரண்டு நீள்வட்டச் சக்கரங்களின் பற்களுக்கு நடுவே கடுகளவு வெல்டிங் சிட்டம் ஒன்று கடிபட்டு நின்றது. அறையின் சுவரில் அது இழுத்த கோடு, நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. மீட்டருக்கு முன்னால் ஸ்ட்ரெய்னர் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே வலைக்கூடை இல்லை. கூடை ஸ்டோரில், வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. வாங்கியவர் வாங்கிவிட்டார், பொருத்தியவர் பொருத்திவிட்டார், திறந்தவர் திறந்துவிட்டார். மூவரும் "மீட்டர்தானே" என்றவர்கள்.

செய்ய வேண்டியது கடினமானதே அல்ல. குழாயைக் கழுவும்போது மீட்டர் இருக்கும் இடத்தில் அதே நீளத்துக்கு வெறும் குழாய்த் துண்டைப் போட்டுக் கழுவு. அழுக்கு நின்ற பிறகு மீட்டரை வை; உடம்பில் இருக்கும் அம்புக்குறியும் ஓட்டமும் ஒரே திசையா என்று பார். பைபாஸ் இருந்தால் முதலில் அதைத் திறந்து ஓட்டத்தை அந்த வழியே விடு. பிறகு மீட்டருக்கு முன்னால் உள்ள வால்வைக் கால் சுற்று திற. வென்ட்டில் காற்று போய், குமிழி இல்லாமல் திரவம் வரும்வரை பொறு. அப்புறம் பின்னால் உள்ள வால்வை மெல்லத் திற. கடைசியில் பைபாஸை மூடு. ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பின் வால்வில்தான். முன் வால்வைப் பாதி மூடி வைத்தால் ஓட்டம் கலங்கி மீட்டர் தவறும், சில திரவங்கள் அங்கேயே கொதித்து ஆவிக் குமிழியும் விடும். முதல் ஷிப்ட் முடிந்ததும் ஸ்ட்ரெய்னரைத் திறந்து பார். மூடிய பைபாஸ் உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்றும் பார். அதில் கசிந்து போவது எந்தக் கணக்கிலும் வராது.

3. "எங்களுடையதில் சுழலும் பாகமே இல்லை." இதுதான் படித்தவர்களின் கேடயம். மின்காந்த மீட்டர், கோரியோலிஸ், ஆரிஃபிஸ் தகடு இவற்றில் உடைய என்ன இருக்கிறது என்கிறார்கள். உடையாது, சரி. பொய் சொல்லுமே?

மின்காந்த முறையை முதலில் ஆற்றில் முயன்றவர் ஃபாரடே. 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸில் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் நீர் எழுப்பும் மின்னழுத்தத்தைப் பிடிக்கப் பார்த்தார். தகடுகளில் எழுந்த வேண்டாத மின்னழுத்தங்களில் அவர் தேடியது தொலைந்துபோனது. அவர் பட்ட பாடு இன்றும் தீரவில்லை. இந்த மீட்டர் பிடிப்பது மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞை. திரவத்துக்கும் மீட்டருக்கும் எர்த் ஒன்றாக இல்லாவிட்டால், பிளாஸ்டிக் குழாயில் எர்த் வளையம் போடாவிட்டால், குழாய் நிறையாமல் எலெக்ட்ரோடு காற்றில் நின்றால், எண் ஆடும்; சிலசமயம் ஆடாமல் நிதானமாகத் தவறாக நிற்கும், அது இன்னும் மோசம். சூடான திரவம் போன குழாயை இரு பக்கமும் மூடிக் குளிரவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டெஃப்லான் உறை சுவரிலிருந்து உரிந்து உள்வாங்கும். மீட்டரைக் கழற்றாமலே அந்தக் குழாயில் வெல்டிங் வைத்தால் என்ன ஆகும் என்று எலெக்ட்ரானிக்ஸ் கார்டு வாங்கிய ஆலைகளுக்குத் தெரியும்.

கோரியோலிஸ் மீட்டரில் தொடக்கத்தின் உயிர் பூஜ்யம் வைப்பது. குழாய் முழுக்கத் திரவம் நிறைந்து, வெப்பநிலை நிலைத்து, இரு பக்க வால்வும் இறுக மூடி, ஓட்டம் சுத்தமாக நின்ற பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். வால்வில் சொட்டுச் சொட்டாகக் கசிவு இருக்கும்போது அழுத்தினால், அந்தக் கசிவுதான் இனி அந்த மீட்டருக்குப் பூஜ்யம். அன்றிலிருந்து போகும் ஒவ்வொரு மணியிலும் அந்த அளவைக் கழித்துக்கொண்டே எண்ணும். எந்த அலாரமும் அடிக்காது.

ஆரிஃபிஸ் தகட்டில் கணக்கு இன்னும் கொடுமை. அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி மாறும். முழு ஓட்டத்தில் 10 விழுக்காடு போகும்போது அழுத்த வேறுபாடு முழு அளவில் 1 விழுக்காடுதான். டிரான்ஸ்மிட்டரின் பூஜ்யம் அதே 1 விழுக்காடு மேலே நின்றால், அது 2 என்று படிக்கும். வர்க்கமூலம் எடுத்தால் ஓட்டம் 14.1 விழுக்காடு. உண்மையைவிட 41 விழுக்காடு கூடுதல். தொடக்கத்தில்தான் ஓட்டம் குறைவு, எனவே தொடக்கத்தில்தான் இந்தப் பிழை பூதாகாரம். அந்தப் பூஜ்யம் கெடுவதற்கு ஒரு சுலப வழி, மூன்று வால்வு மேனிஃபோல்டைக் கண்டபடி திறப்பது. சமன் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு உயர் அழுத்தப் பக்கத்தை மெல்லத் திறந்து, பிறகு சமன் வால்வை மூடி, கடைசியில் தாழ் அழுத்தப் பக்கம். இந்த வரிசையை மாற்றினால் குழாயின் முழு அழுத்தமும் மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் மட்டும் விழும். நீராவி என்றால் விதி இன்னும் கடுமை: இரு பக்கமும் திறந்திருக்கும்போது சமன் வால்வைத் தொட்டால் குழாய்க்கால்களில் நிற்கும் நீர் ஓடிப்போய், சூட்டு ஆவி டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே வந்துவிடும்.

4. பூஜ்யம் காட்டுகிறது, ஆகவே கழற்றலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மீட்டர் சொல்வது ஓட்டம் இல்லை என்பதை. அழுத்தம் இல்லை என்று அது சொல்லவே இல்லை. இரு வால்வுக்கு நடுவே மாட்டிக்கொண்ட திரவம் அசையாமல் நிற்கும். வங்காளத்துச் சித்திரை வெயில் குழாயில் விழ, வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அழுத்தம் பல பார் கணக்கில் ஏறும், ஏனென்றால் விரிய இடமில்லை. அந்த நிலையில் ஃபிளேஞ்ச் போல்ட்டை ஒருவர் தளர்த்தினால் என்ன வரும் என்று ஊகிக்க அறிவியல் தேவையில்லை. நிறுத்தும்போது ஒரு பக்கம் திறந்து வைப்பது, ரிலீஃப் வால்வு வைப்பது, கழற்றுமுன் வடித்து அழுத்தமானியைப் பார்ப்பது, வால்வுகளுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழற்றுபவர் பையில் வைப்பது, இவ்வளவும் சேர்ந்ததுதான் மீட்டரை இயக்குவது.

5. எண்ணெய்க்கு வந்தால் "மெல்லத் திற" என்பது உயிர்ச் சட்டம். ஹூக்ளிக் கரையில் உள்ள பஜ்பஜ்ஜில் மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்தே எண்ணெய் இறக்கிச் சேமிக்கிறார்கள். இன்றும் அங்கே லாரிக்கு எண்ணெய் நிரப்புவது மீட்டர் வழியேதான். பெட்ரோலும் டீசலும் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. குழாயிலும் அதைவிட அதிகமாக நுண் வடிகட்டியிலும் உராய்ந்து போகும்போது மின்னூட்டம் சேரும். லாரித் தொட்டியில் போய் அந்த ஊட்டம் பொறியானால் மேலே இருப்பது ஆவி. அதனால்தான் நிரப்புக் குழாயின் வாய் திரவத்தில் மூழ்கும்வரை வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்ற விதி. நுண் வடிகட்டியைத் தாண்டிய எண்ணெய் தொட்டியில் விழுமுன் குழாயிலேயே அரை நிமிடமாவது ஓடி ஊட்டம் இறங்க வேண்டும் என்பதும் அப்படியே. லோடிங் மீட்டரில் வைத்திருக்கும் இரண்டு கட்ட வால்வு இதற்குத்தான்: தொடக்கத்தில் மெல்ல, நடுவில் முழு வேகம், முடிவில் மறுபடி மெல்ல. "நேரம் ஆகிறது" என்று அந்த முதல் கட்டத்தைத் தவிர்க்க அமைப்பை மாற்றி வைப்பவர் உற்பத்தியைக் கூட்டவில்லை.

வால்வுகளைத் திறக்கும் வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் நாட்டுக்கே ஒரு பாடம் இருக்கிறது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கிலிருந்து பக்கத்துக் கிடங்குக்கு எண்ணெய் அனுப்ப வழி அமைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் வால்வு திறந்திருக்கும்போதே வழியில் இருந்த இன்னொரு வால்வின் மேல்வாய் திறந்து, பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டி, ஆவி மேகமாகி, வெடித்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்; தீ ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது. எம்.பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு காட்டிய குறைகளில் எழுதிவைத்த செயல்முறை இல்லாததும் ஒன்று. அங்கே பழுதானது மீட்டர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். "வால்வைத் திறப்பதில் என்ன இருக்கிறது" என்ற மனநிலை மீட்டருக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து இருக்காது.

6. மீட்டர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது விற்பனையாளர் சொன்னது. சுருள் அறுந்தால், கார்டு எரிந்தால், குழாய் காலியானால் அது சொல்லும். நல்ல வசதி, வேண்டாம் என்று யார் சொன்னார்? நீங்கள் தவறாக வைத்த பூஜ்யத்தையும், தவறாகப் பதித்த குழாய் விட்டத்தையும் அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். 2005 மார்ச் 23-இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பிரிவைத் தொடங்கியபோது, மூன்று மணி நேரம் கோபுரத்துக்குள் திரவம் போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. மட்டம் இறங்குவதாக மட்டமானி சொன்னது. உள்ளே போகும் ஓட்டமும் வெளியே வரும் ஓட்டமும் வேறு வேறு திரைகளில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. திரவம் நிரம்பி வழிந்து வெடித்ததில் 15 பேர் செத்தார்கள். கருவிகள் இல்லாத ஆலை அல்ல அது.

சான்றிதழுக்கும் இதே கதைதான். பாலக்காட்டில் 1987 முதல் இயங்கும் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் காலிபரேஷன் செய்துகொண்டு வரும் மீட்டர் அங்கே சரியாகவே இருந்தது. அங்கே முன்னும் பின்னும் நேர்க்குழாய், நிறைந்த ஓட்டம், சுத்தமான தண்ணீர். உங்கள் ஆலையில் மீட்டருக்கு ஒரு முழ தூரத்தில் எல்போவும் அதற்கு முன் பாதி திறந்த வால்வும். சான்றிதழ் மீட்டருக்குக் கொடுத்தது. உங்கள் குழாய்க்கு அல்ல.

7. நேரம் போகிறது என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். மணிக்கு 100 கிலோலிட்டர் போகும் குழாய். தொடக்கத்தில் அடிபட்டு மீட்டர் அரை விழுக்காடு குறைத்து எண்ணுகிறது. மணிக்கு 500 லிட்டர். நாளைக்கு 20 மணி ஓடினால் 10,000 லிட்டர். இரண்டு நாளைக்கு ஒரு பெரிய டேங்கர் லாரி, எந்தச் சீட்டிலும் ஏறாமல் வாசலைத் தாண்டிப் போகிறது. மிச்சம் பிடித்தது கால் மணி.

8. "இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை" என்பதைக் கடைசிக்கு வைத்தேன், அதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது என்பதால். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? பாய்லர் கெட்டால் சத்தம் கேட்கும். கெட்ட மீட்டர் தொடர்ந்து ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு இடித்தால் ஆவியானது, வழியில் சிந்தியது, பழைய பாக்கி என்று ஏதோ ஒரு தலைப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். இருபது வருஷமும் அந்தத் தலைப்புகளில் என்ன எழுதினோம் என்று கணக்குப் பிரிவில் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வாதாடுங்கள்.

கையேட்டைப் பற்றிய குறையில் மட்டும் எனக்கும் உடன்பாடு உண்டு. எச்சரிக்கை முப்பது பக்கம், செய்முறை ஒரு பக்கம், அதுவும் எங்கோ எழுதி ஆங்கிலத்தில் பெயர்த்தது. வால்வைத் திறப்பவருக்கு வங்காளமோ இந்தியோ ஒடியாவோதான் படிக்க வரும். இங்கே என்றால் தமிழ். அந்தப் புத்தகம் மேலாளர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். இதிலிருந்து செய்முறை வேண்டாம் என்ற முடிவுக்குப் போவது எந்த நியாயம்? அவர் படிக்கும் மொழியில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றுதானே வர வேண்டும்?

ஆலை நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். மீட்டரைச் சுற்றியுள்ள வால்வுகளுக்கு எண் எழுதித் தகடு தொங்கவிடுங்கள். எந்த எண்ணுக்குப் பின் எந்த எண், எவ்வளவு மெதுவாக, எங்கே காற்றை விட வேண்டும், பூஜ்யம் எப்போது யார் பார்த்தார், ஸ்ட்ரெய்னர் எப்போது திறந்தது என்று ஒரே தாளில், வேலை செய்கிறவரின் மொழியில் எழுதி அங்கேயே மாட்டுங்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் அதில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாத மீட்டரின் எண்ணை வைத்து எவருக்கும் பில் போடாதீர்கள், எவர் மீதும் திருட்டுப் பழியும் போடாதீர்கள்.